கூரைக்குள் இருக்கும் கிட்டார்க்காரன்

"கையை ஆட்டாதய்யா" என்று அதட்டினாள் சமையல்காரி எங்கார்னா.

செதில் சுரண்டப் போகும் மீனைப் பிடிப்பதுபோல, அன்செல்மோவின் வலது கை மோதிர விரலை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓட்டல் சமையலறை மேசையில், உரித்த பூண்டுக்கு நடுவே, பாதியாக வெட்டிய பிங்-பாங் பந்து கிடந்தது. அதிலிருந்து நறுக்கியெடுத்த சின்னத் துண்டை அன்செல்மோ முறிந்த நகத்துக்கு அடியில் செருகிப் பிடித்தார். எங்கார்னா பசையை ஒரு சொட்டு விட்டாள்.

"ஊது. ஊதிக்கிட்டே இரு."

ஊதினார். சாப்பாட்டு ஹாலின் கதவைத் திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. பசை காய வேண்டும், பிறகு உப்புத்தாளால் தேய்த்து நகத்தின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். கிட்டார்த் தந்தியை முதலில் தொடுவது சதை, விடுவது நகம். நகம் சொரசொரவென்று இருந்தால் முதல் வரிசை மேசைக்கே தெரிந்துவிடும்.

பரிமாறுகிற ஹினேஸ் தட்டு அடுக்கோடு உள்ளே வந்தான். "என்ன வாத்தியாரே, மணப்பெண் அலங்காரமா? கண்ணுக்கு மை வைக்கலையா?"

"நீ போய்க் கரண்டியத் துடை. வாயத் துடைக்க ஆளில்ல உனக்கு" என்றாள் எங்கார்னா. பிறகு அன்செல்மோவிடம், "இன்னிக்குப் பாத்தா உடையணும் இது? என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"கேஸ் சிலிண்டர். வீட்ல லிஃப்ட் ஓடல. கொண்டுவந்தவன் கீழ வெச்சுட்டுப் போயிட்டான். மெர்செதெஸுக்கு இடுப்பு ஆபரேஷனாகி பத்து நாள்கூட ஆகல. அவ தூக்க முடியுமா?"

"நாலு மாடியும் நீயா தூக்கின? அந்தக் கையால?"

அவர் மறுபடி நகத்தை ஊதினார். நாற்பது வருஷமாக அந்த வலது கையால் அவர் ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தியதில்லை. டப்பா திறப்பது, பேருந்தில் கம்பியைப் பிடிப்பது, நாயைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் இடது கைதான். ஊரில் பலர் அவருக்கு வலது கை விளங்காது என்றே நினைத்திருந்தார்கள்.

இன்றைக்கு உடைந்திருக்கக் கூடாது என்று அவள் சொன்னதில் காரணம் இருந்தது. தலைநகர் மத்ரீதிலிருந்து புதிதாக வந்த மேலாளர் சல்செதோ, நீச்சல் குளத்துப் பியானோக்காரனை முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இன்று மதியம் அவரே உட்கார்ந்து கிட்டாரைக் கேட்கப் போகிறார். அதற்கப்புறம் ஹாலில் கிட்டார் இருக்குமா, கூரையில் புதிதாகப் பதித்த ஸ்பீக்கர் போதுமா என்பது முடிவாகும். அன்செல்மோவுக்கு வயது அறுபத்திரண்டு. முழு பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

லினாரெஸ் என்ற சுரங்க ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன் அவர். இளம் வயதில் ஒரு பெரிய போட்டியில் பரிசு வாங்கி, லிஸ்பனிலும் டோக்கியோவிலும் மேடையேறியவர். ஏற்பாடு செய்துகொண்டிருந்த ஏஜெண்ட் செத்துப்போனான், அழைப்புகள் நின்றன. இசைக்கல்லூரியில் வேலை கேட்டால் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். மேடையேறியதெல்லாம் சான்றிதழில் சேராது என்றார்கள். கடைசியில் மலாகா கடற்கரையில் இந்த ஓட்டலின் மூலையில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஜெர்மன்காரர்கள் சூப் குடிக்கும் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி வாசிக்கப் பழகிக்கொண்டார்.

கதவு திறந்தது. அன்செல்மோ நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைச் சின்ன மணைமேல் வைத்தார்.

ஒட்டுநகம் தாங்கியது. முதல் பாட்டில் பயந்து பயந்து தொட்டவர், மூன்றாவதில் அதை மறந்தேவிட்டார். கடைசியில் சுரங்கத் தொழிலாளர் பாட்டு ஒன்றை எடுத்தார். ஒரே தந்தியில் மூன்று விரல்கள் மாறி மாறி விழுந்து, ஒரே நீண்ட குரலாகக் கேட்க வேண்டிய பாட்டு. இரண்டு இடத்தில் மோதிர விரல் பிந்தியது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு கிழவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தூண் ஓரம் சல்செதோ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் போனதும், மேசைத் துணிகளை உருவிக்கொண்டிருந்த ஹினேஸுக்கு முன்னாலேயே பேச்சு நடந்தது.

"அன்செல்மோ சார், உக்காருங்க. நல்லாத்தான் வாசிச்சீங்க. நான் இல்லேன்னு சொல்லல."

"நன்றிங்க."

"ஆனா நான் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும் இல்லையா? ஒரு நிமிஷம் இதக் கேளுங்க. தற்செயலா நீங்க வாசிச்ச அதே பாட்டுதான்."

செல்போனைத் தட்டினார். கூரையிலிருந்து கிட்டார் இறங்கியது.

அன்செல்மோ தலையைத் தூக்கினார். மடியில் இருந்த கிட்டாரை அணைத்திருந்த கை மெல்ல நழுவியது. ஹினேஸ்கூடத் துணியை மடிப்பதை நிறுத்தினான்.

"கேக்கறீங்களா? விரல் எப்படி ஓடுது பாருங்க. ஒரு இடத்துல தட்டல, தடுக்கல. இன்னொண்ணு, நடுவுல வர்றத நீங்க ரெண்டு தடவ இழுக்கறீங்க. இவன் ஒரு தடவையோட முடிச்சிடறான். கச்சிதமா இருக்கு. தப்பா நெனைக்காதீங்க, இவனுக்கு வாசிக்கத் தெரியுது."

"யாரு இது?" என்று கேட்டார் அன்செல்மோ.

சல்செதோ திரையைப் பார்த்தார். "லியாந்த்ரோ மொந்தால்பான்னு போட்டிருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

அன்செல்மோ பாட்டு முடிகிறவரை கூரையையே பார்த்திருந்தார்.

"இல்ல. அந்தப் பேர நான் கேட்டதில்ல."

"இனிமே ஹாலுக்கு ஸ்பீக்கரே போதும்" என்றார் சல்செதோ. "உங்க பென்ஷன் கணக்கு எனக்கும் தெரியும். நான் ஒண்ணும் அரக்கன் இல்ல. பரிமாற ஒரு ஆள் குறையுது, நாளைலேருந்து வாங்க. நகத்த மட்டும் வெட்டிடுங்க. தட்டு ஓரத்துல அது தெரிஞ்சா விருந்தாளிங்க முகம் சுளிப்பாங்க."

அன்று மாலையே மனைவி மெர்செதெஸ் கட்டிலில் சாய்ந்தபடி அவர் கையை வாங்கி, ஒவ்வொரு நகமாக வெட்டினாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. வெள்ளைக் கோட்டு தோளில் தொளதொளக்க, அன்செல்மோ இரண்டு கையாலும் சூப்புத் தட்டைச் சுமந்து போய்வந்துகொண்டிருந்தார். கிட்டார் நாற்காலி இருந்த மூலையில் இப்போது இனிப்பு வண்டி நின்றது. மூன்றாவது நடையில், கூரையிலிருந்து சுரங்கப் பாட்டு தொடங்கியது.

அவர் சமையலறைக் கதவருகே நின்றுவிட்டார். எங்கார்னா எட்டிப் பார்த்தாள்.

"ஏய்யா மரம் மாதிரி நிக்கற? சூப் ஆறுது."

"போறேன்."

"இதக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. எவனோ மத்ரீத்ல கால்மேல கால் போட்டு வாசிச்சிட்டு, மாசாமாசம் காசு வாங்கிட்டு உக்காந்திருக்கான். இங்க உன் வாயில மண்ணு. நாசமாப் போறவன், அவன் கை அழுகிப் போகட்டும்."

"அவனத் திட்டாத, எங்கார்னா."

"ஏன், உனக்கு மாமனா மச்சானா அவன்?"

பாட்டு முடிந்தது. ஹாலில் யாரோ கைதட்டத் தொடங்க, மேசை மேசையாகத் தட்டினார்கள். சிவந்த முகத்து ஜெர்மன்காரர் ஒருவர் கூரையைப் பார்த்து, ஒயின் கோப்பையை உயர்த்தினார்.

"வாத்தியாரே, ஆறாம் மேசைக்கு ரொட்டி" என்று ஹினேஸ் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

அன்செல்மோ தட்டைத் தூக்கிப் பிடித்து, தோளால் கதவைத் தள்ளினார்.

"அப்போ இருபத்தாறு வயசு எனக்கு. எங்கப்பா தோல் தைக்கறப்போ பாடற பாட்டு, நானே கிட்டாருக்கு அமைச்சேன். வேற யார்கிட்டயும் அது கிடையாது. ரெண்டு நாள் பதிவு பண்ணி, ரயில் செலவு போக ஒரே ஒரு தடவ காசு குடுத்தாங்க. கம்பெனி கைமாறி கைமாறி, வாங்கினவன் எவனோ என் பேர மாத்திட்டான். அது நான்தான், எங்கார்னா."