லேலத்துக்கு வைத்த சக்கை

கரடிக்குக் கருவாடு கொடுத்த ஈசாக் என்று ஊரில் பேர் விழுந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் மனைவி புஷ்பபாய் அதைத் தன் காதால் கேட்டது ஒரே ஒரு தடவைதான். பாறசாலை சந்தையில் நெத்திலி வாங்கிக்கொண்டு நின்றபோது பின்னால் யாரோ இரண்டு பேர் அப்படிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் திரும்பியதும் சிரிப்பு நின்றது. வாங்கின மீனை அன்று அவள் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டாள்.

சபையின் வாலிபர் சங்கம் ஒவ்வொரு மே மாதமும் மலையோரத்தில் முகாம் போடும். ஆரியங்கோடும் வெள்ளறடையும் தாண்டி, சபைச் செயலாளர் சிபியின் ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில், காடு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மொட்டை வெளி உண்டு. அங்கே கூடாரம் அடித்துப் பிள்ளைகள் பாடுவார்கள், வேதம் படிப்பார்கள், வடம் இழுப்பார்கள். கரடி இறங்குகிற இடம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்காகத்தான் ஈசாக்கைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவர் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்.

பொழுது சாய்வதற்குள் தின்கிற சாமான் ஒன்றும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, அதுதான் அவருடைய சட்டம். மீதிச் சோறு, மீன்கறி, பிஸ்கட், பற்பசை, எல்லாம் மூடி போட்ட நீல டிரம்முக்குள் போகும். டிரம்மைக் கயிறு கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அயினி மரத்தில் தூக்கி விடுவார். கூடாரம் கூடாரமாகப் போய், "ஒளிச்சு வச்ச மிட்டாய கரடி கேக்கியதுக்கு முன்ன எனக்குத் தந்திரு மக்கா" என்று பிள்ளைகளின் பைகளைச் சோதிப்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

போன வருஷம் முகாமின் இரண்டாம் இரவு கரடி வெளிக்குள்ளேயே வந்துவிட்டது. ஈசாக் தகரத்தைத் தட்டிக்கொண்டு எதிரே போனார். அது ஓடவில்லை. அவரை ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காட்டு இலாகாக்காரர்கள் வந்து, எதைத் தேடி அது வந்தது என்று கேட்டார்கள். சாப்பாடு முழுக்க டிரம்மில் இருந்தது, காவல்காரர் பையில்தான் கருவாடு இருந்திருக்க வேண்டும் என்று சிபி சொன்னான். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்னே அந்தப் பேச்சு மலையிலிருந்து இறங்கிவிட்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அழுது முடித்து முற்றத்தில் நின்று கருவாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

பை புஷ்பபாயிடம்தான் வந்தது. தோளில் போடுகிற ஒரு துவர்த்து, பீடிக்கட்டு, டார்ச்சுக்குப் போடுகிற செல், சின்னப் புதிய ஏற்பாடு. அவள் பையை உட்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி மோந்து பார்த்தாள். ரப்பர் பாலின் புளித்த வாடை இருந்தது, பீடி வாடை இருந்தது. மீன் வாடை இல்லை. போதகரிடம் போய்ச் சொன்னாள். நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றார் அவர். யாரை என்று சொல்லவில்லை.

ஆகவே இந்த வருஷம் சமையலுக்கு வரவேண்டிய ஆள் கைவிட்டதும் சிபியே வீடு தேடி வந்து கேட்டபோது, அவள் உடனே வருகிறேன் என்றாள். விதவைக்கு ஒரு வேலை கொடுத்தான் என்று ஊரார் அவனைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு வேண்டியது வேறு. கரடி எதைத் தேடி வந்தது? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்.

முதல் நாள் அவள் சமைத்தாள், கழுவினாள், கஞ்சித் தண்ணீரைக்கூட ஓடைக்கு அப்பால் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினாள். டிரம்மை அவளே கயிற்றில் தூக்கினாள். காவலுக்கு என்று இந்த முறை தனியாக ஆள் இல்லை. கிட்டார் வாசிக்கிற அஜேஷும் இன்னும் சில வாலிபரும் மாறி மாறி விழிப்பதாக ஏற்பாடு. ஈசாக் படுத்த கட்டில் எங்கே கிடந்தது என்று அஜேஷிடம் கேட்டாள். அவன் ஜெபக் கூடாரத்தின் ஓரத்தைக் கை காட்டினான். அங்கிருந்து டிரம் தொங்குகிற மரம் வெகு தூரம். கரடி டிரம்முக்கு வந்திருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை. அவள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். புல் முளைத்து மூடியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் அவள் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்து நின்றது. சிபியும் அஜேஷும் ஒரு பெரிய சக்கையைச் சாக்கில் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். பலா என்று அந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை, சக்கைதான். நன்றாகப் பழுத்த வரிக்கை ரகம். அடுப்புப் புகையையும் தாண்டி வாசம் அவளிடம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முகாமில் லேலம் நடக்கும். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து படைப்பார்கள். அதை ஏலம் விட்டு வருகிற பணம் சங்கத்துக்கு. ஒரு கோழிமுட்டையை வீம்புக்கு விலை ஏற்றி எடுத்து, எடுத்தவரே திரும்பக் கொடுத்து, மறுபடி லேலம் விடுவார்கள். சிபி வீட்டுச் சக்கைதான் எப்போதும் கடைசி. அதை அவனே மேலே மேலே கேட்டு எடுப்பான். எல்லாரும் கை தட்டுவார்கள்.

சக்கையை அவர்கள் டிரம் பக்கம் கொண்டுபோகவில்லை. நேரே ஜெபக் கூடாரத்துக்குள் தூக்கிப் போனார்கள். புஷ்பபாய் அகப்பையை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். சிலுவைக்கு முன்னால் பாய் விரித்து, அதில் சக்கையை இருத்தி, ஜெஸ்மி வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். சங்கத்தில் பாட்டு நடத்துகிறவள் அவள்.

இதை இங்கே வைக்கலாமா என்று புஷ்பபாய் கேட்டாள்.

"கழிஞ்ச வருஷமும் இஞ்சதான மாமி வச்சது" என்றாள் ஜெஸ்மி. சொல்லிவிட்டுத் துணியின் சுருக்கத்தை நீவினாள். பிறகு அவள் கை நின்றுவிட்டது.

புஷ்பபாய் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சத்தம் கூட்டாமல்தான் கேட்டாள். "அந்தச் சக்க பிறகு எங்க போச்சு பிள்ளே?"

ஜெஸ்மி கூடார வாசலைப் பார்த்தாள். விடிந்து பார்க்கும்போது பாயில் முள்ளுத்தோல் மடலும் கொட்டையும்தான் கிடந்ததாம். காட்டு இலாகாக்காரர்கள் வருவதற்கு முன்னால் சிபி அண்ணன் எல்லாவற்றையும் சாக்கில் வாரி ரப்பருக்குள் கொண்டுபோய்ப் போட்டார், பாயைக் கழுவச் சொன்னார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது திங்கியதுக்கு வச்சது இல்லியே மாமி, லேலத்துக்கு வச்சதுல்லா. ஆருக்கும் அப்படித் தோணேல்ல" என்றாள்.

அதில் பொய் இல்லை என்று புஷ்பபாய்க்குத் தெரிந்தது. அவளே பிள்ளைப்பருவம் முதல் லேலத்தில் உட்கார்ந்தவள். படைத்த பொருளை எச்சில் பாத்திரங்களோடு சேர்த்து வைக்க மாட்டார்கள், அதன்மேல் கால் படாமல் பார்ப்பார்கள், அது வாழைக்குலையா சக்கையா என்பதே மறந்துபோகும். பற்பசையைப் பிடுங்கி வைத்த ஈசாக்குக்கும் அது தோன்றவில்லை. முழுப் பழுத்த சக்கைக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார். ஆனால் மறுநாள் காலையில் மடலை வாரியவனுக்குத் தோன்றியிருக்கிறது. கருவாடு என்று சொல்ல அவனுக்கு உடனே வாய் வந்திருக்கிறது.

அவள் வெளியே வந்தாள். சிபி ஜீப்பில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சிபி, அந்தச் சக்கய டிரம்முல போடணும். இல்லேன்னா இப்பளே வெட்டணும்."

"என்ன அக்கா சொல்லிதிய? அது கர்த்தருக்கு வச்ச சக்க ஆக்கும்."

"கரடிக்கு அது தெரியுமா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு சிரித்தான். நீங்கள் ரொம்ப வருத்தத்தில் இருக்கிறீர்கள், உங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாது என்று மெதுவாக, பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னான்.

புஷ்பபாய் அடுப்படிக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்தாள். இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் தேய்த்தாள், கத்திக்கும் தேய்த்தாள். ஜெபக் கூடாரத்துக்குள் நுழைந்து, வெள்ளைத் துணியை மடித்து ஓரமாக வைத்து, பாயோடு சக்கையை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். யாரும் கிட்டே வரவில்லை. ஒரே வெட்டில் பிளந்தது. பிசுபிசுத்த அரக்கைத் துடைத்து, சுளை சுளையாகப் பிரித்து வாழையிலையில் போட்டாள்.

"எல்லாரும் வந்து தின்னுங்க. இருட்டியதுக்கு முன்ன தீரணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லேலம் விடாத பொருளைத் தின்ன அவர்களுக்குப் பயம். அஜேஷ்தான் முதலில் வந்தான். "எலே, மாமி கையில கத்தி இருக்கு, தின்னுங்கலே" என்று சொல்லி ஒரு சுளையை வாயில் போட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் ஒரு சுளையை எடுத்துக்கொண்டு சிபியிடம் போனாள். தனக்குச் சுகர் உண்டு என்றான். அவள் நீட்டின கையை மடக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் வாங்கித் தின்றான். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டாள்.

அவளும் ஒரு சுளை தின்றாள். நல்ல இனிப்பு. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கொட்டைகளை டிரம்மில் போட்டாள். மடலை ஓடைக்கு அப்பால் குழியில் தள்ளி, சாம்பலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டி மண் மூடினாள். பாயைத் தீயில் போட்டாள். எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். அன்று இரவு தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு தீக்குப் பக்கத்தில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

கரடி வரவில்லை.

அதுதான் பிறகு பேச்சாகிவிட்டது. எங்கே வந்தது கரடி என்றார்கள். வெறுமனே ஒரு நல்ல சக்கையை, அதுவும் கர்த்தருக்கு வைத்ததை, வெட்டித் தின்னக் கொடுத்துவிட்டாளே என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை லேலம் களை கட்டவில்லை. சிபி எதையும் கேட்கவில்லை. அவன் கேட்காததால் மற்றவர்களும் விலை ஏற்றவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஊருக்கு வந்ததும் அவள் ஜெஸ்மியின் வீட்டுக்குப் போனாள். கூடாரத்தில் சொன்னதைப் போதகரிடம் ஒரு தடவை சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். ஜெஸ்மிக்குச் சிபியின் உறவில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன விட்டிருங்க மாமி" என்று அழுதாள். புஷ்பபாய் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தாள். போதகரிடம் அவள் தனியாகவே போய்ச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, ஜெபிப்போம் என்றார்.

ஈசாக்கின் கருவாடு இப்போதும் ஊரில் உண்டு. அதோடு புஷ்பபாய் தின்ற லேலச் சக்கையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த ஏப்ரலில் முகாம் அறிவிப்பு வாசித்தார்கள். காவலுக்கு வேலாயுதன் என்று ஒரு ஆளை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். அவரும் பால் வெட்டுகிறவர்தான், சபைக்காரர் இல்லை. காட்டாக்கடை பஸ்ஸில் போய், பிறகு வேறொரு பஸ் மாறி, விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் மனைவி கார்த்தியாயினி நாற்காலி எடுத்துப் போட்டுத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தாள். ஈசாக்கின் மனைவி என்று தெரிந்ததும் வேலாயுதன் எழுந்து நின்றார். அவள் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டார். நம்பினார். இத்தனை காலத்தில் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூடாரத்துக்குள்ளும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அண்ணே என்றாள்.

வேலாயுதன் மனைவியைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். "அதுக்குள்ள நான் கேறப்படாதுன்னு ஆக்கும் செக்ரட்டரி பறஞ்சது. குருசும் வேதபுஸ்தகமும் இருக்கிய இடமாம்."

"அப்பம் அதுக்கப் பக்கத்துல கட்டில் போடாதீங்க."

"கட்டிலும் அங்கதான் போடச் சொன்னது" என்றார் அவர். "அவரு கிடந்த கட்டிலுதான்."

புஷ்பபாய் தேயிலையைக் குடித்து முடித்தாள். மாற்றிப் போடுங்கள் என்று மறுபடியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுந்தாள், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.