ஒரு கைப்பிடி உப்பு

எழுபத்தைந்தாம் வருஷம் வைகாசியில் என் மனைவி சுலோசனா பாரிஸுக்குப் போனாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு புதுச்சேரிக்காரர் குடும்பத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தை பிறந்ததும் திரும்பிவிடுவாள், நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அதற்குள் நான் ஓடு போட்டுவிட வேண்டும் என்று பேச்சு.

எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போகும், அப்புறம்தான் மனுஷர்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு உப்புக்கா பஞ்சம்? ஆனாலும் அந்த வருஷம் முதன்முதலில் வாரிய உப்பில் அரைப்படி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். கிளம்பும்போது அதையும் பெட்டிக்குள் வைத்தாள்.

"இத எதுக்குடி அங்க தூக்கினு போற?"

"உங்கள நம்பி வுட்டா மீனுக்குப் போட்டுருவீங்க. நானே கொண்டாந்து நானே வெக்கிறேன்."

அவள் போன பிறகு ஓர் ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு வரவே இல்லை. தினமும் இரண்டு ஆளுக்கு வடித்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். குடிசையில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போயிற்று.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது.

"லீவுக்கு இத்தாலிக்கு வந்திருக்கோம். பிளாரன்ஸ்னு ரொம்பப் பழைய ஊரு. பதினஞ்சு நாளைக்கு ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்திருக்காங்க. நாலு மாடி ஏறணும். அவங்க சர்ச்சு, சிலைன்னு பாக்கப் போயிடுறாங்க. நான் கொழந்தையத் தூங்க வெச்சிட்டு ஜன்னல்ல நிக்கிறேன். கீழ பேசுறது ஒண்ணும் புரியல. மொத நாள் சாவியக் குடுத்ததும் அடுப்பங்கரையில நம்ம உப்ப வெச்சேன். அப்புறம்தான் பயம் போச்சு."

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஊர் சுற்ற வந்தவர்களின் வாடகை வீட்டுக்கு என் வீட்டு உப்பா? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று தலைக்கே ஏறிவிட்டது.

"எந்த வூட்ல உப்பு வெச்சியோ அந்த வூட்லயே இரு. இங்க வராத" என்று எழுதினேன். கோபம் ஆறுவதற்குள் தபால் ஆபீஸுக்கு நடந்து போய் பாரிஸ் விலாசத்துக்கு அனுப்பியும் விட்டேன்.

பத்து நாளில் இன்னொரு கடிதம் வந்தது. என்னுடையது போய்ச் சேருவதற்கு முன்னால் எழுதியது.

"ஒரு கைப்பிடிதான் எடுத்து வெச்சேன், திட்டாதீங்க. மிச்சம் முடிச்சோட அப்படியே இருக்குது. கெளம்பும்போது அங்க வெச்சத எடுக்க மனசு வரல, அடுத்து வர்ற குடும்பத்துக்கு இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அந்த ஜன்னல்ல நின்னு தெனமும் உங்ககூடத்தான் பேசினு இருந்தேன். தை மாசம் வந்துடுறேன். ஓடு போட்டாச்சா?"

படித்துவிட்டு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று நம்பி ஓடு போட்டேன், சுண்ணாம்பு அடித்தேன், பூட்டி வைத்தேன்.

தை மாதம் அந்தக் குடும்பம் புதுச்சேரிக்கு வந்திருப்பதாகத் தெரிந்து ஓடினேன். வீட்டுக்கார அம்மா ஞானாம்பாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மஞ்சள் துணி முடிச்சோடு திரும்பி வந்தார்.

"அவ வரலப்பா. பாரிஸ்லயே ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டா. அவர் சொன்னபடியே இருந்துக்கறேன்னு சொல்லச் சொன்னா."

"அப்புறம் மூணு லெட்டர் போட்டனேம்மா, படிக்கலிங்களா?"

"பிரிக்கவே இல்லப்பா. இன்னும் என்னா எழுதியிருப்பாரோன்னு பயம். வராதன்னு எழுதின அந்த லெட்டர மட்டும் தலவாணிக்கு அடியில வெச்சிருந்தா."

பஸ்ஸில் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கைப்பிடி குறைந்தது கையில் தெரியவே இல்லை. அந்த ஒரு கைப்பிடிக்காகத்தான் அவளை வராதே என்று சொல்லியிருக்கிறேன்.

மரக்காணத்தில் இறங்கி நேராகப் புது வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உள்ளே வைத்தேன். அப்புறம் நான் போனேன். அன்றைக்கும் இரண்டு ஆளுக்குத்தான் சோறு வடித்தேன்.