கொலன்னாவைப் புல்வெளி

வெள்ளவத்தையில் புது வீடு கட்டிய, வழக்குப் பேசும் பிரக்கிராசி சிறிலுக்கு ஹோலில் தொங்கவிட ஒரு படம் வேண்டியிருந்தது. புல்வெளி, மாடுகள், அந்தி வெயில். பார்த்தால் கோட்டு வழக்கெல்லாம் மறந்துபோக வேண்டும் என்றார். கொட்டாஞ்சேனையில் கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசிவந்த புளோறன்ஸ் தலையாட்டினாள். யாருடைய மகள் என்று அவர் கேட்கவில்லை.

அவளுடைய அப்பா ஹியூபேட் கொலன்னாவையில் பால்மாடு வளர்த்தவர். அவருடைய மாடுகளின் தொடையில் பாதி நிலாவைப் போல ஒரு சூட்டுக்குறி இருக்கும். ஒரு மழைக்காலத்தில் சிறிலின் ஆட்கள் அதனோடு மறுபாதியையும் சுட்டு முழு வட்டமாக்கினார்கள். வட்டம் சிறிலின் மாட்டுப்பட்டிக் குறி. தன் மாடுகளை ஓட்டிவரப் போன ஹியூபேட்டைத்தான் கோடு கள்ளனென்று மறியல் வீட்டில் அடைத்தது. திரும்பி வந்தவர் பூசைக்குக்கூடப் போகவில்லை. மாட்டுக்கள்ளன் என்ற பேரோடேயே கண்ணை மூடினார். அந்தப் பேரைச் சிறிலின் தலையில் கட்டாமல் விடுவதில்லை என்று புளோறன்ஸ் அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

பச்சையை அவள் ஆசை தீரப் பூசினாள். வானத்தில் செம்மஞ்சள், ஓடையில் அதன் மங்கல். பார்க்கிறவன் பெருமூச்சு விடவேண்டும். விட்டால்தான் கிட்ட வருவான். மாடுகளை முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொரு தொடையிலும் ஒரு வட்டம். ஒரு பாதி மயிர் உதிர்ந்து வெளுத்த பழைய தழும்பு. மறுபாதி ஆறாத சிவப்பு.

சிறில் தன் வட்டத்தை மட்டும் கண்டார். மாட்டையும் தன்னுடையதாகவே கீறிவிட்டாள் என்று சிரித்து, புது வீட்டுக் குடிபூரல் விருந்துக்கு அவளையும் வரச் சொன்னார்.

விருந்தில் எல்லோரும் வானத்தைப் புகழ்ந்தார்கள். தோல் வியாபாரி மர்ஸூக்கின் கண் மட்டும் மாட்டின் தொடையை விட்டு நகரவில்லை. குறி பார்த்துத் தோல் வாங்கியே தாடி நரைத்தவர் அவர்.

"பிரக்கிராசியார், இந்த மாட்டுக்கு ரெண்டு தரம் சூடு வெச்சீக்கி," என்றார். "மொதப் பாதி கொலன்னாவ ஹியூபேட்டுட குறி. களவு மாட்டயா சுவத்துல தொங்க வெச்சீக்கிறீங்க?"

பகிடி என்று நினைத்து ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. விருந்துக்கு வந்திருந்த நீதவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

சிறில் புளோறன்ஸை ஒரு பக்கமாக இழுத்துப் போனார். அந்தச் சிவப்பை இப்போதே அழித்துவிடச் சொன்னார். என்ன கேட்டாலும் தருவதாகச் சொன்னார். மேல் உதட்டில் வேர்வை.

"சிவப்பை அழிச்சா பாதி நிலாதான் மிஞ்சும், சேர். அது என்ர அப்பாவின்ர குறி."

அவர் அவளுடைய கையை விட்டார். படத்தைக் கழற்றும்படி வேலைக்காரனுக்குக் கைகாட்டினார். ஆட்கள் நெருக்கி நின்றதில் அவனால் சுவருக்குக் கிட்டப் போக முடியவில்லை.

புளோறன்ஸ் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கேக்கை எடுத்தாள். அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஆறுதலாக மென்றாள்.