விமானக் கொட்டகையில் ஆயுத பூசை

1

மதிப்பிற்குரிய வாசகர்களே, இக்கதை ஒரு சந்தனப் பொட்டிலிருந்து பிறந்தது. 1991இல் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் வருகையில், ஒரு நூற்பாலையின் பின்புறத் திடலில் நின்ற சிறு விமானத்தின் மூக்கில் அதைக் கண்டேன். பேருந்து நிற்கவில்லை. ஆகவே மீதியை நானே இட்டு நிரப்ப நேர்ந்தது, பொறுத்தருள்க.

முதலில் எழுதிய தொடக்கம்: "வானம் மனிதகுலத்தின் ஆதிக் கனவு. அக்கனவின் சிறகுகளில்..."

(நிறுத்திவிட்டேன். கதை முடியும்வரை இவ்விமானம் கொட்டகையை விட்டு நகராது. சிறகுகளைப் பற்றிப் பேசுவது தங்களை ஏமாற்றுவதாகும்.)

2

பாட்டரியிலிருந்து தொடங்குவதே முறை.

வைகுண்டராஜ் ஆலையின் ப்ளோ ரூமில் பஞ்சுத் தூசியை விழுங்கி இருமிக்கொண்டிருந்தவன். (முப்பது வயதினரை 'அவன்' என்றெழுதக் கை கூசுகிறது. 'அவர்' என மாற்றிக்கொள்கிறேன்.) வயரிங் தெரியும் என்பதால், முதலாளி சுப்புராஜ் தமது இரண்டு இருக்கை விமானத்தைக் கவனிக்க அவரை அனுப்பினார். இருமல் நின்றது. ஆனால் பறந்து இறங்கும் முதலாளி மாஸ்டர் சுவிட்சை அணைக்க மறப்பார், பாட்டரி செத்துப்போகும், ஏச்சு வைகுண்டராஜுக்கு விழும்.

"இன்னொரு தடவ பாட்டரி டவுன் ஆச்சுன்னா நீ ப்ளோ ரூமுக்கே போயிரு."

"சுவிட்ச நீங்கதான மொதலாளி..."

"யாரு போட்டா என்னப்பா? பாட்டரி ஒம் பொறுப்பு."

ஆகவே அவர் ஓர் உபாயம் செய்தார். வால் நுனியில் சுழலும் சிவப்பு விளக்கின் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்தார். மாஸ்டரை அணைத்தால் அதுவும் அணையும்; மறந்தால் வாலில் சிவப்பு சுழன்று காட்டிக்கொடுத்துவிடும்.

3

கொட்டகையைப் பெருக்கும் அழகுத்தாயை அறிமுகப்படுத்த அனுமதி வேண்டுகிறேன். (முதற்படியில் இவரை அப்பாவியாக எழுதியிருந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.) ஆயுத பூசையன்று மாலை, ஆலை வழக்கப்படி எல்லாச் சுவிட்சுகளுக்கும் பொட்டு வைத்தார். உதிராதபடி அழுத்தி வைப்பது அவர் கைப்பழக்கம். விமானத்திலும் அழுத்தினார். மாஸ்டர் சுவிட்ச் விழுந்து மின்சாரம் ஓடத் தொடங்கியது.

முதலாளி சூடம் காட்டும் நேரத்தில் வாலில் சிவப்பு சுழன்றது. உபாயம் பழுதின்றி வேலை செய்தது. அனைவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டனர்.

"மொதலாளி, செத்த உள்ள ஏறி..." என்று தொடங்கினார் வைகுண்டராஜ்.

"வத்து, வத்து," என்று தெலுங்கில் தடுத்தார் முதலாளி. "பூச போட்ட மெசின நாளைக்கு வரைக்கும் தொடப்படாது. தெரியாதா?"

"அந்த லைட்டு எரியப்படாது மொதலாளி."

"பூச அன்னிக்கி எரியுத வெளக்க அணைக்கச் சொல்லுதீயளா?" என்றார் அழகுத்தாய். "நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க நாயம்."

"பாட்டரி எறங்கிரும் தாயி."

"சாமி ஏறி நிக்கிற வண்டி. எப்பிடி எறங்கும்?"

விடிந்தால் விசயதசமி. எல்லா இயந்திரங்களையும் ஓட்டித் தொடங்கும் நாள். முதலாளியின் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் விமானமும் கிளம்ப வேண்டும்.*

* விசிறியைக் கையால் சுழற்றிக் கிளப்பலாமே என வினவும் விவரமறிந்த வாசகர்களுக்கு: முதலாளியின் மைத்துனர் ஒருமுறை முயன்றார். வேட்டி மட்டும் பறந்தது. அன்றுமுதல் அம்முறைக்குத் தடை.

4

முதல் முடிவு: வைகுண்டராஜ் மீறி ஏறி அணைக்கிறார். பாட்டரி பிழைக்கிறது. ஆனால் இவ்வாண்டு ஆலையில் எந்த இழை அறுந்தாலும் பூசை விளக்கை அணைத்தவரே காரணம். ப்ளோ ரூம்.

இரண்டாம் முடிவு: அணைக்கவில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும். ப்ளோ ரூம்.

மூன்றாம் முடிவு: நல்வேளையாக மின்வெட்டு வந்து விளக்கு தானே...

(மன்னிக்க வேண்டும். பாட்டரிக்கு மின்வெட்டு கிடையாது.)

வேறு வழியறியாது, என் பாத்திரங்களிடமே கேட்கச் சென்றேன். கூட்டம் கலைந்திருந்தது. கொட்டகை வாசலில் இருவரும் நின்றிருந்தனர்.

"ஏன் அண்ணாச்சி, முன்ன மாதிரி வெரசாச் சுத்தலயே?"

"அதுக்கு மூச்சு வாங்குது. நாளயிலருந்து எனக்கு வாங்கும்."

அழகுத்தாய் வெகுநேரம் அவரது நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சூடத்தட்டை எடுத்தார்.

"நான் செதறுதேங்கா பெறக்கப் போறேன். வர நேரமாவும். அதுக்குள்ள வெளக்கு தானா மலையேறிட்டா, நான் என்ன செய்ய முடியும்?"

அவர் போய்விட்டார். நானும் மரியாதை கருதி வெளியேறுகிறேன். பார்த்தால் எழுத வேண்டியிருக்கும். கொட்டகையில் இப்போது தாங்கள் மட்டுமே.

வைகுண்டராஜ் ஒரு காலை விமானத்தின் படியில் வைத்து, திரும்பிப் பார்க்கிறார்.

"ஆரும் பாக்கியளா?"

தங்களைத்தான் கேட்கிறார்.