காலி முட்டைப் பெட்டிகள்

நான்காவது ஆளும் கையில் முட்டை அட்டைப்பெட்டிகளோடு வந்தபோது கிரெட்சன் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். எல்லாம் காலி. ஏழெட்டை அடுக்கிச் சணலால் கட்டியிருந்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பன்றியிறைச்சி சான்ட்விச்சுகளுக்குப் பக்கத்து மேசையில் அவற்றை வைத்தாள். மாடியில் அப்பாவின் சவப்பெட்டி இருந்தது. அடக்கத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

“எதுக்கு இதெல்லாம் கொண்டு வராங்க?” என்று சமையலறையைக் கவனித்துக்கொண்டிருந்த ஊர்க்காரி ஆர்டிஸிடம் கேட்டாள்.

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அன்றைய செய்தித்தாளை எடுத்து நீட்டினாள். “நீதானேம்மா போட்டிருக்கே?”

வெர்ன் ஹோலன்பெக், வயது எழுபத்து மூன்று. பல்கலைக்கழகப் பெண்கள் கோல்ஃப் அணிக்கு இருபத்தாறு ஆண்டுகள் பயிற்சியாளர். கடைசி வரி: பூக்கள் வேண்டாம். காலி முட்டைப் பெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

அந்த ஊரில் வயதானவர்கள் தங்கள் இரங்கல் குறிப்பைத் தாங்களே எழுதி வைப்பதுண்டு. அப்பா மார்ச்சில் எழுதினார். கடைசி வரியை மட்டும் கிரெட்சன் அடித்துவிட்டு, அணிக்கு நன்கொடை தரலாம் என்று மாற்றியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் இறந்த பிறகு, மருத்துவமனை வாசலில் நின்றபடி பத்திரிகைக்கு அனுப்பினாள். அவசரத்தில் திருத்தாத பழைய கோப்பு போயிருக்கிறது.

காதுகள் சூடாயின. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஆர்டிஸைப் பார்த்தாள்.

“நல்லாத்தானே இருக்கு. வெர்ன் பேசின மாதிரியே இருக்கு” என்றாள் ஆர்டிஸ்.

பெட்டிகள் எதற்கென்று ஊருக்கே தெரியும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அப்பா அணிப் பெண்களோடு கோல்ஃப் மைதானத்தின் ஏழாம் குழிக்குப் பக்கத்துக் குளத்தில் இறங்குவார். மற்றவர்கள் அடித்துத் தொலைத்த பந்துகளை எடுத்து வந்து வீட்டுக் குளியல்தொட்டியில் கழுவுவார். ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளி வைத்து, முட்டைப் பெட்டியில் அடுக்கி, டஜன் எட்டு டாலருக்கு விற்பார். அணியின் வேனுக்குப் பெட்ரோலும் விடுதி வாடகையும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தன.

“எங்க வீட்டுக்காரர் அதே பந்தை எட்டு வருஷமா வாங்கிட்டிருந்தாரு,” என்றாள் ஆர்டிஸ். “வாங்குவாரு, குளத்துல போடுவாரு, வெர்ன் எடுத்துத் திரும்ப இவர்கிட்டயே விப்பாரு. பச்சைப் புள்ளியைப் பார்த்தும் மனுஷனுக்கு உறைக்கல.”

கிரெட்சன் சிரித்தாள். மூன்று நாளில் முதல் தடவை.

விளையாட்டுத் துறைத் தலைவர் ரஸ் படியிறங்கி வந்தார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பல்கலைக்கழகத்தின் வரவுசெலவுப் பிரிவில் அவளுக்கு வேலை. ஜூன் முப்பதுக்குள் தனக்கென்று குறித்த தொகையைச் சம்பாதிக்காத அணி மூடப்படும். பட்டியலில் பெண்கள் கோல்ஃப் கடைசி வரிசை. குறித்த தொகைக்கு இன்னும் இரண்டாயிரம் டாலர் போதவில்லை. எட்டுப் பெண்களுக்கு அடுத்த ஆண்டு அணி இருக்காது.

மருத்துவமனையில் அப்பா ஒரு தடவைதான் கேட்டார். “என் வரிசை இன்னும் இருக்கா?”

“இருக்குப்பா” என்றாள். அது பொய்யில்லை. இரண்டாயிரம் போதாததை மட்டும் விட்டுவிட்டாள்.

ரஸ் மேசையைப் பார்த்தார். பெட்டிகள் அதற்குள் நாற்காலிகளுக்கும் பரவியிருந்தன. தொப்பியைக் கையில் சுழற்றியபடி மெதுவாகச் சொன்னார்.

“நன்கொடைன்னு போட்டிருக்கலாம் கிரெட்சன். இத்தனை பேர் வந்திருக்காங்க.”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இறந்தவர் பெயரில் வரும் நன்கொடை பல்கலைக்கழகத்தின் பொது நிதிக்குப் போகும். அணி தானே விற்றுச் சம்பாதித்தது மட்டும்தான் அணியின் கணக்கில் ஏறும். போன குளிர்காலத்தில் அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே அவள்தான்.

“போட்டிருந்தா ஒரு காசுகூட அணிக்கு வந்திருக்காது” என்றாள்.

ரஸ் யோசித்தார். “ஆமால்ல. வெர்னுக்குத் தெரியுமா அது?”

“நான்தான் படிச்சுக் காமிச்சேன். சூப் குடிச்சிட்டிருந்தாரு. அதுக்கப்புறம்தான் மார்ச்ல இதை எழுதினாரு.”

ரஸ் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார். பிறகு சணல் அவிழ்ந்து கிடந்த ஒரு கட்டை எடுத்து, மறுபடி கட்டி, மேசையில் நேராக வைத்தார்.

அணித் தலைவி டெலனி எண்ணிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை அவளுடையதல்ல, தோள் இறங்கியிருந்தது.

“இருநூத்தி அறுபத்தொண்ணு” என்றாள்.

கிரெட்சன் மனதுக்குள் எட்டால் பெருக்கினாள். இரண்டாயிரத்து எண்பத்தெட்டு. சரிதானா என்று இன்னொரு தடவை பெருக்கினாள்.

“இத்தனை டப்பாவுக்கு மூவாயிரத்துக்கு மேல பந்து வேணும். குளத்துல இருக்குமா?” என்று டெலனி கேட்டாள்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து, இரண்டு வருடமாக யாரும் குளத்தில் இறங்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர் ஒருத்தரே பாதி போட்டிருப்பாரு” என்றாள் ஆர்டிஸ், காப்பியை ஊற்றியபடி.

அடக்கம் முடிந்ததும் காற்று நின்றிருந்தது. பெண்கள் யாரும் விடுதிக்குத் திரும்பவில்லை. குளத்துக்கு வரச்சொல்லி அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. மைதானத்துக்குப் போகும் பாதையில் கிரெட்சனின் காருக்குப் பின்னால் அணியின் வேனும் வந்தது.

அப்பாவின் இடுப்பளவு ரப்பர் கால்சட்டை மைதானத்துக் கொட்டகையில் தொங்கியது. அவளுக்கு மிகப் பெரிது. வார்களை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மே மாதத் தண்ணீர் ரப்பரைத் தாண்டிக் குளிர்ந்தது. கரையில் பெண்கள் காலணிகளை வரிசையாகக் கழற்றி வைத்தார்கள்.

முழங்கால் ஆழத்தில் அவள் பாதத்துக்கடியில் ஏதோ உருண்டது. கையை விட்டு எடுத்தாள். சேறு. கோட்டின் நுனியால் துடைத்தாள். ஓரத்தில், மங்கலாக, பச்சைப் புள்ளி.

டெலனி கரையிலிருந்து பெட்டியைத் திறந்து நீட்டினாள். கிரெட்சன் பந்தை மூலையில் வைத்தாள்.

பெட்டியில் இன்னும் பதினோரு குழிகள் காலியாக இருந்தன. குனிந்து, மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டாள்.