ஜெனாட்டின் நீர்க்கை

"எனக்கு நடு இடம் வேணும்" என்று ஜெனாட் கேட்ட ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய சட்டையின் இரண்டு கைகளும் மேலே போய்க் கூரையைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டன. அப்படிக் கேட்கவே கூடாதென்று அவளுக்கு இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருவர் தாய் வேரோனிக்கா. மற்றவர் லின் லாவ்ஷி. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில், கென்னடி வீதியில், வாசலிலேயே மீன் தொட்டிகள் வைத்திருக்கும் சீனக் கடைக்கு மேல்மாடியில் சீன நடனம் பழக்குகிறவர். லாவ்ஷி என்றால் அவர்களுக்கு ரீச்சர். இந்த இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு மொழி சரியாக இல்லை. ஆனால் வாய் திறந்து கேட்கிற பிள்ளை உருப்படாது என்பதில் பதின்மூன்று வருடமாக ஒரே கருத்து. கைகள் கூரையில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து வகுப்பில் யாரும் கத்தவில்லை. சுற்றிக்கொள்ளப் போகிறதே என்று ஒரு பெண் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை சீன நடனத்துக்கு எப்படிப் போனாள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில்: சாமிக்குப் பயந்து. ரொறன்ரோவில் தமிழ்ப் பெண்பிள்ளை என்றால் எதையாவது ஆடியே ஆகவேண்டும். ஆடாத பிள்ளைக்கு ஏதோ நோய் வருத்தம் என்று சனம் நினைக்கும். வேரோனிக்காவும் ஒன்பது வயது மகளுக்குச் சலங்கை வாங்கிவிட்டார். அப்போது விட்பியிலிருந்து யூஜினி அன்ரி, வேரோனிக்காவின் மூத்த சகோதரி, காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். பரதத்தில் முதல் வணக்கமே நடராசருக்குத்தான், காலையில் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கின பிள்ளை பின்னேரம் இன்னொரு சாமிக்கு முன்னால் கை கூப்புவதோ என்று கேட்டார். சலங்கை கடைக்குத் திரும்பிப் போனது. பரத வகுப்பு நடந்த அதே கட்டடத்தில் அடுத்த கதவைத் திறந்தால் பிள்ளைகள் விசிறியோடு நின்றார்கள். வேரோனிக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது, சிலை ஒன்றும் இல்லை. "உதில சாமி இல்லை" என்று உடனேயே சேர்த்துவிட்டார். அந்த வகுப்பின் பெரிய ஆட்டத்தில் நடுவில் நிற்பவள் சந்திரனில் குடியிருக்கும் பெண் தெய்வம், அவளுக்கு இலையுதிர்கால முழுநிலவில் வட்டக் கேக்கும் ஊதுபத்தியும் வைப்பார்கள் என்ற செய்தி வேரோனிக்காவுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அதற்குள் உடுப்பெல்லாம் வாங்கியாகிவிட்டது. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சந்திரன்தானே, நாசாக்காரரும் போனவங்கள்" என்று முடிவெடுத்தார். யூஜினி அன்ரிக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஜெனாட்டின் இடம் கடைசி வரிசை, இடது ஓரம், அவசர வழிக்குப் பக்கத்தில். நெருப்புப் பிடித்தால் முதலில் தப்பக்கூடியவள் அவள்தான் என்பதைத் தவிர அந்த இடத்துக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. மேடை நாட்களில் எல்லாருக்கும் ஒரே டப்பாவிலிருந்து முகப்பூச்சு எடுப்பார்கள். அது மற்றவர்களைப் பீங்கான் போல ஆக்கும். ஜெனாட்டை, சாம்பல் புதனன்று பாதர் நெற்றியோடு நிறுத்தாமல் முகம் முழுக்கப் பூசிவிட்டதுபோல ஆக்கும். ஒரு சீனப் பத்திரிகையில் குழுவின் படம் வந்தபோது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. வேரோனிக்கா அந்த முழங்கையை வெட்டி, லமினேட் செய்து, திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒட்டினார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அது தன் பிள்ளையின் முழங்கை என்று காட்டினார். வந்தவர்களும் நல்ல முழங்கை என்றுதான் சொன்னார்கள்.

இனிக் கைகளின் கதை. அந்த நடனத்துக்கான சட்டையில் கை முனையோடு வெள்ளைப் பட்டுத் துணி நீளமாகத் தைத்திருக்கும். மணிக்கட்டால் சுண்டினால் தண்ணீர் ஓடுவதுபோல முன்னால் போய், மடித்தால் கைக்குள் திரும்பி வரும். அதை நீர்க்கை என்பார்கள். ஜெனாட்டுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, முன்வரிசையில் ஒருத்தி கால் சுளுக்கி வீட்டில் நின்றாள். அந்த இடத்தில் நான் நிற்கட்டா என்று கேட்க ஜெனாட் வாயைத் திறந்தாள். பிறகு அம்மா சொன்னது ஞாபகம் வந்து விழுங்கிவிட்டாள். வீட்டுக்குப் போகும்போது நீர்க்கை காரின் கதவிடுக்கில் சிக்கி வீதியில் இழுபட்டு வந்தது. இழுத்து இழுத்து நீட்டிப்போட்டாய் என்று வேரோனிக்கா ஏசி, மிஞ்சினதை வெட்டி எடுத்தார். அடுத்த கிழமையும் அவ்வளவு மிஞ்சியது. அதற்கடுத்த கிழமை இன்னும் கூட. வேரோனிக்கா கீழ் அறையில் மெஷின் வைத்து உடுப்புத் திருத்திக் கொடுக்கிறவர். நல்ல பட்டை எறிகிற ஆளல்ல. முதலில் தலையணை உறை தைத்தார். பிறகு கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு முக்காடு. பிறகு பீடத்துக்கு விரிப்பு. ஸ்ரௌவ்வில்லில் எங்கள் ஆட்கள் வாங்குகிற புது வீடுகளுக்குக் கோயில் உயரத்தில் யன்னல் வைப்பார்கள், துணி வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது. அதில் பாதி வீடுகளின் யன்னல்களில் தொங்குவது ஜெனாட்டின் கைதான். ஒரு பிள்ளையின் சட்டைக் கை ஏன் வளர்கிறது என்று எங்கள் சனத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: ட்ரையரில் போட்டால் சுருங்குமோ? சுருங்கவில்லை. யூஜினி அன்ரி இது மடு மாதாவின் அருள் என்று சொல்லி, தனக்கு ஒரு சோபா உறை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெனாட் அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். தகப்பன் அமிர்தநாதர் பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த வெள்ளை மாவோடேயே பட்டமளிப்புக்கு வந்து நின்றார். அவள் படித்தது சமூகவியல். மையத்தில் யார் நிற்கிறார்கள், விளிம்பில் யாரை நிறுத்துகிறார்கள் என்று நீண்ட கட்டுரைகள் எழுதினாள். பேராசிரியர்கள் அருமை என்று எழுதி அனுப்பினார்கள். கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அவள் ஞாயிற்றுக்கிழமை வந்து அவசர வழிக்குப் பக்கத்தில் நிற்பாள். அந்தக் கட்டுரைகளை ஒருமுறை தாய்க்கு விளக்கப் பார்த்தாள். வேரோனிக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சோறு போட்டார். இவ்வளவு படித்ததற்கு ஒரு பயன் இருந்தது. விழுங்குகிற கிழமைகளில்தான் துணி வளர்கிறது என்பதைக் கடைசி வருடத்தில் ஜெனாட் கண்டுபிடித்தாள். சாதாரண ஆட்கள் இதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

அதைத் தாயிடம் சொன்னாள். வேரோனிக்கா மெஷினை நிறுத்தினார். யூஜினி அன்ரியின் மகள் நடாஷாவுக்கு ஒக்ரோபரில் கலியாணம். மண்டபத்துக்குக் கூரையிலிருந்து நிலம்வரை வெள்ளைத் துணி தொங்கவிடுவதாக வேரோனிக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஒக்ரோபர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமோ என்று மகளைக் கேட்டார். ஜெனாட் மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். வேரோனிக்கா கோபிக்கவில்லை. வயரைத் திரும்பச் செருகிக்கொண்டே, "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நிண்டதே வாய் திறக்காமத்தான் பிள்ளை. தந்ததை வாங்கு. கேட்டா உள்ளதும் போயிடும்" என்றார். அன்றைக்கு வளர்ந்த துணி படிக்கட்டுவரை போனது. வேரோனிக்கா அதையும் அளந்து மடித்து வைத்தார்.

இந்த வருடம் நடுவில் ஆடுகிறவள் கலியாணம் கட்டி வன்கூவருக்குப் போனாள். சந்திரப் பெண்ணின் இடம் காலியானது. முழு ஆட்டமும் அடி தவறாமல் தெரிந்தவள் ஜெனாட் மட்டும்தான். கடைசி வரிசையில் நின்றால் எல்லாருடைய பிழையும் தெரியும். லின் லாவ்ஷி அந்த இடத்துக்குப் போன வருடம் சேர்ந்த பெண்ணின் பெயரைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் ஜெனாட் கேட்டாள், கைகள் மேலே போயின.

லின் லாவ்ஷி கூரையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், மெதுவாக, சந்திரப் பெண் எப்படி இருப்பாள் என்று பார்க்க வருகிறவர்களின் மனதில் ஒரு படம் இருக்கிறது என்றார். சந்திரனில் இருப்பவளை யார் பார்த்தது என்று ஜெனாட் கேட்டாள். கோடையிலும் கழற்றாத தன் தடித்த ஜக்கெற்றின் கை முனையை லின் லாவ்ஷி மெல்ல மடித்துக் காட்டினார். உள்ளே, மணிக்கட்டிலிருந்து தோள்வரை, சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிய பட்டு. பழையது, தேநீர் நிறத்தில். அவர் சீனாவில், ஹார்பின் நகரில் நடனம் படித்த காலத்தில் குட்டை என்று சொல்லி அவரையும் ஒருநாளும் நடுவில் விடவில்லை. அவரும் கேட்கவில்லை. பார், இதோடேயே நான் முப்பது வருடம் பழக்கியிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை, குளிர்காலத்தில் சூடும்கூட என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

மகளை ஏற்றிப் போக வந்த வேரோனிக்கா அதற்குள் கதவடியில் நின்றார். லின் லாவ்ஷி, பிள்ளைகளை ஏற்ற வந்து சுவரோரம் நின்ற பெற்றோர் குழுவோடு கண்ணாலேயே பேசி ஒரு வழி கண்டார்: நடு இடம் தரலாம், முகப்பூச்சை இரண்டு தரம் பூசி, பின்னால் மட்டும் வெளிச்சம் போட்டால், நிழலாகத் தெரியும், பிரச்சினை இல்லை. வேரோனிக்காவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, தருகிறார்கள் என்பது விளங்கியது.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை. தாறன் எண்டு சொல்லுறாவெல்லோ."

ஜெனாட் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதைக் காலையிலேயே கீழே கார் நிறுத்துமிடத்தில் வைத்து யோசித்து முடித்திருந்தாள். யூனியன்வில்லில் நிலா விழாவுக்குத் திறந்த மேடை ஒன்று போடுகிறார்கள். கேட்கிற எவருக்கும் நேரம் கொடுப்பார்கள். அங்கிருந்தே பெயரைப் பதிந்துவிட்டாள். அவளுக்குக் கிடைத்தது நட்ட நடுப் பகல், கொழுக்கட்டை தின்னும் போட்டிக்குப் பிறகு, வீடு விற்கும் ஏஜென்ற் ஒருவர் பாட வருவதற்கு முன். நிலாவுக்கு ஏற்ற நேரமல்லத்தான். ஆனால் தனியாக ஆடுகிறவளுக்கு மேடையில் நடுவைத் தவிர வேறு இடம் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு பட்டமும் பதின்மூன்று வருடமும் தேவைப்பட்டன. பிறகு ஏன் மேலே வந்து கேட்டாள் என்றால், அந்த வசனம் தன் வாயில் எப்படிக் கேட்கும் என்று அறியத்தான். கடையில் ஒரு பை கேட்பதுபோலத்தான் கேட்டது.

அவள் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட கையில்லாத பனியன். சட்டை கூரையிலிருந்து தொங்கியபடி நின்றது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது; இப்போது அதில் காகித விளக்குகள் கட்டுகிறார்கள், நல்லாய்ப் பாரம் தாங்குகிறது என்று கேள்வி. அதற்குப் பிறகு ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

"அப்ப நடாஷான்ர கலியாணத்துக்குத் துணி?" என்று வேரோனிக்கா கேட்டார்.

"கடையில வாங்கச் சொல்லுங்கோ அம்மா."

லின் லாவ்ஷியைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டு, அவசர வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெனாட் இறங்கினாள். பதின்மூன்று வருடம் அதற்குப் பக்கத்தில் நின்றவள், அதைத் திறப்பது இதுதான் முதல் தடவை, மணியொன்றும் அடிக்கவில்லை. மீன் தொட்டிகளுக்கு முன்னால் போகும்போது கண்ணாடியில் தன் கைகளைப் பார்த்தாள். விரல் முனையோடு முடிந்திருந்தன. காரைத் திறக்கும் திறப்பு அம்மாவிடம் இருந்தது. அதற்காகத் திரும்ப மேலே ஏறுவதாக இல்லை. கென்னடி பஸ் வருகிற பக்கம் நடந்தாள்.