யார் வரலைன்னா நிம்மதி?

எனக்குக் கோவம் வந்தா நிக்காது. அதனால மொதல்லயே சொல்லிடுறேன், அன்னிக்கு கிளப் கூட்டத்துல நாற்காலிய எட்டி உதைச்சது நான்தான்.

எங்க காற்பந்து கிளப்புக்கு இந்த வருஷம் அறுபது வயசு. இதுவரைக்கும் ஆடுனவங்கள்ல தலைசிறந்த பதினோரு பேரைப் பொறுக்கி, கிளப் சுவத்துல முகத்த வரையப் போறாங்க. பத்து இடம் முடிவாயிடுச்சு. லெஃப்ட் பேக், அதான் இடது பக்கம் தடுத்து ஆடுறவன் இடம் மட்டும் இழுபறி. ஒரு பக்கம் இந்த ஷஃபீக், அதாவது நான், எம்பத்து நாலுலேருந்து எட்டு வருஷம் ஆடுனவன். இன்னொரு பக்கம் இப்ப ஆடுற ஹரீஷ். என் பொண்டாட்டி லைலாகிட்ட, பேரப் புள்ளைங்ககிட்ட எல்லாம் "சுவத்துல நான் இருப்பேன்"னு வாய விட்டுட்டேன். இல்லைன்னு ஆனா மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது?

ஹரீஷுக்கு மூணு கப்பு இருக்கு. நெஞ்சுல ஒரு மிஷினக் கட்டிக்கிட்டு ஆடுறான், எத்தன கிலோமீட்டர் ஓடுனான்னு அது சொல்லுது. பேக்கா நின்னுக்கிட்டே ஒம்போது கோல் வேற அடிச்சிருக்கான். நான் ஒண்ணுகூட அடிச்சதில்ல. எங்க காலத்துல பேக் ஆடுறவன் பாதித் திடலத் தாண்டுனா கோச் தோல உரிச்சிடுவாரு. மழை பெஞ்சா பந்து தண்ணிய குடிச்சிட்டு தேங்கா மாதிரி கனக்கும். "இவனையும் என்னையும் எதை வெச்சும்மா ஒப்பிடுவீங்க?"ன்னு கேட்டுத்தான் நாற்காலிய உதைச்சேன்.

செயலாளர் குமுதா, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில சிப் சோதிக்கிற வேல பாக்குறவ. அசரவே இல்ல. "ஒரே கேள்விய ரெண்டு காலத்துக்கும் கேப்போம்ணே. எதுத்து ஆடுனவங்ககிட்டப் போய்க் கேளுங்க, இந்தக் கிளப்புல யார் அன்னிக்கு வரலைன்னா உங்களுக்கு நிம்மதின்னு. பேர மட்டும் நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாதுலா."

அட, கேள்வி நல்லா இருக்கேன்னு தோணுச்சு. நானே போய்க் கேட்டுட்டு வரேன்னேன். அவளும் என்ன நம்பி அனுப்புனா பாருங்க.

மொதல்ல ஹைக்கல். எதிர் டீமுல இப்ப ரைட் விங்ல, ஹரீஷுக்கு நேர் எதிரா ஓடுறவன். வேல முடிஞ்சு ஃபேக்டரி வாசல்ல வந்தவன நிறுத்திக் கேட்டேன். "ஹரீஷ் அண்ணே," ன்னான் பட்டுன்னு. "அன்னிக்கு ஆடுற லிஸ்ட்ல அவரு பேரு இல்லைன்னா எங்க வாட்ஸப்ல பட்டாசு படம் போடுவோம்."

சரி, எனக்கும் ஒரு ஆளு இருக்கான்னு மோட்டார் சைக்கிளத் திருப்புனேன். காஜா மொய்தீன். அந்தக் காலத்துல எட்டு வருஷமும் எனக்கு எதுத்தாப்புல ஓடுனவன். இப்ப கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில அத்தர் கடை வெச்சிருக்கான். கேள்வியக் கேட்டுட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

"சுப்பையா," ன்னான்.

"எந்தச் சுப்பையா?"

"உங்க கோல் கீப்பர்தான்லா."

சுப்பையாவா! நாலே வருஷம் ஆடுனவன். கப்பு கிடையாது, விட்ட கோலுக்கு அளவும் கிடையாது. சுவத்துக்கு அவன் பேர ஒருத்தரும் எடுக்கல. "அப்ப நானு?"ன்னு வெக்கங்கெட்டுக் கேட்டுட்டேன்.

"கோவிச்சுக்காதடா. உனக்கு வேகமே கிடையாது. நான் பந்தோட திரும்பறதுக்குள்ள பின்னாலேருந்து அவன் கத்துவான், 'ஷஃபீக், உள்ள!'ன்னு. பாத்தா நீ அங்க நிப்ப. அவன் காய்ச்சல்ல படுத்த அன்னிக்கு உன்ன மூணு வாட்டி தாண்டுனேனே, மறந்துட்டியா?"

மறக்கல. அந்தத் தோல்விக்கு இத்தன வருஷமா மழையத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்.

வெளிய வந்து மோட்டாருல உக்காந்தேன், ஸ்டார்ட் பண்ணல. காஜா என் பேரத்தான் சொன்னான்னு குமுதாகிட்ட சொன்னா யாருக்குத் தெரியப் போவுது? சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஒரு சந்தேகம் மண்டையக் கொடஞ்சுது. வெறும் கத்துனதுக்கு ஒருத்தன் பெரிய ஆட்டக்காரனா? அதையும் பாத்துடுவோம்னு தண்ணீர்மலையில சுப்பையா வீட்டுப் பக்கம் விட்டேன்.

சுப்பையா ஃபேக்டரி பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன். நான் போனப்ப டிவியில நேரடி ஆட்டம் ஓடுது, சத்தத்த மூடி வெச்சிருக்கான். "வர்ணனை பேசுறவனுங்க பந்தையே பாக்குறானுங்கடா. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான்னு பாரு," ன்னு சொல்லிட்டு திரையில வெரல வெச்சான். "இவன் உள்ள வருவான்." வந்தான். "அந்தப் பக்கம் காலியாவும்." ஆச்சு. நாலு வாட்டி சொன்னதுல ஒண்ணுதான் தப்பு. இந்தக் காலத்துப் பசங்க எப்பேர்ப்பட்ட வேகத்துல ஓடுறாங்க! இவன் அவங்களுக்கு முன்னாலயே அங்க போய் நிக்கிறான், சோபாவுல உக்காந்துக்கிட்டு.

"அப்புறம் ஏன்டா அத்தன கோல் விட்ட?"

"எல்லார்கிட்டயும்தான் கத்துனேன். மத்தவனுங்க யாருடா கத்துறதுன்னு திரும்பிப் பாப்பானுங்க. அதுக்குள்ள பந்து போயிடும். நீ ஒருத்தன்தான் திரும்பாம ஓடுவ."

சொல்லிட்டு அவன் பாட்டுக்கு டிவியப் பாக்குறான். நான் எப்படி ஆடுனேன்னு அறுபத்திரண்டு வயசுலதான் எனக்கே தெரியுது.

மறுநாள் கூட்டத்துல குமுதா கேட்டா. ஹைக்கல் ஹரீஷ்னான், காஜா சுப்பையான்னான்னு உள்ளத உள்ளபடி சொன்னேன்.

"கீப்பர் முடிவாயிடுச்சேண்ணே. நாலு கப்பு வாங்குனவரு. சுப்பையா அண்ணனுக்கு என்ன ஆதாரம் இருக்கு?"

"நான் இருக்கேன். எனக்கு வேகம் கிடையாது. காஜா அந்தச் சீமையிலயே வேகமானவன். சுப்பையா நின்ன நாலு வருஷமும் என் பக்கத்துலேருந்து ஒரு கோல் வரல. வந்ததெல்லாம் அவன் பேச்ச நம்பாம திரும்பிப் பாத்தவனுங்க பக்கம். அதப் போய் அவன் தலையில எழுதி வெச்சிருக்கீங்க."

குமுதா கீப்பர் பேர அடிச்சிட்டு சுப்பையான்னு எழுதுனா.

"அப்ப லெஃப்ட் பேக்?"

"ஹரீஷ்னு போடு."

"உங்களுக்கு வருத்தமில்லையேண்ணே?"

"வயிறு எரியுதும்மா. சீக்கிரம் எழுது, மனசு மாறிடப் போவுது."